மக்காச்சோளம், உப்பு, ஒரு புரோபோசல்: எட்டு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள், நைரோபி

பையில் முப்பத்திரண்டு பக்க புரோபோசல் வரைவு, அதாவது நிதி கேட்டு எழுதும் திட்ட விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. கிழக்கு கென்யாவில் சிறு விவசாயிகளின் மக்காச்சோளத்தை அறுவடைக்குப் பிறகு கெடாமல் காப்பது எப்படி என்பதுதான் விஷயம். ஐந்து பேர் சேர்ந்து எழுதினோம். ஐந்து பேரில் மூன்று பேர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. நானும் அந்த மூவரில் ஒருவர். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பல நாடுகளில் வேளாண் வளர்ச்சிப் பணி செய்யும் ஒரு லாப நோக்கற்ற நிறுவனத்தில் பிசினஸ் டெவலப்மெண்ட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். லாபமே இல்லாத இடத்தில் என்ன பிசினஸ் என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். களத்தில் விதை, மண், தண்ணீர், சந்தை என்று வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் வேண்டும், வண்டி வேண்டும், கணக்கர் வேண்டும். அந்தப் பணம் அரசுகளின் உதவி அமைப்புகளிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் ஐ.நா. அமைப்புகளிடமிருந்தும் வருகிறது. தானாக வராது. ஓர் அழைப்பு வெளியாகும், பல நிறுவனங்கள் விண்ணப்பிக்கும், ஒன்றுக்குக் கிடைக்கும். எதற்கு விண்ணப்பிப்பது, யாரோடு சேர்வது, என்ன வாக்குக் கொடுப்பது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று தீர்மானித்து எழுதி முடிப்பதுதான் என் வேலை. நாங்கள் ஒரு தாளில் எழுதும் வாக்கை மூன்று வருஷம், ஐந்து வருஷம் வேறு யாரோ வெயிலில் நின்று நிறைவேற்ற வேண்டும். எழுதும்போது அது மறந்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு எப்போதும் இருக்கும் கவலை.

இந்தத் துறை இப்போது அடிபட்டுக் கிடக்கிறது. 1961-இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு தனி அமைப்பாக இயங்குவது நின்றது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவி நிதியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே சமயம், 2024-இல் உலகில் 67 கோடிப் பேருக்கு மேல் பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகளின் கூட்டறிக்கை சொல்கிறது. பணம் சுருங்கும்போது ஒவ்வோர் அழைப்புக்கும் கூட்டம் கூடுகிறது. கூட்டம் கூடினால் வாக்குறுதிகளும் ஊதிப் பெருகுகின்றன.

அறைக்கு வந்து வரைவை மறுபடி படித்தேன். முதல் பக்கத்திலேயே "பதினைந்தாயிரம் விவசாயிகளுக்குப் பயிற்சி" என்று இருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். போன விண்ணப்பத்தில் பன்னிரண்டாயிரம் போட்டுத் தோற்றோம். அங்கிருந்துதான் வந்தது.

இரண்டாம் நாள், நைரோபி

காலையில் எங்கள் கென்ய அலுவலகத்தில் கோ, நோ-கோ கூட்டம். விண்ணப்பிப்பதா, விடுவதா? என் அனுபவத்தில் ஒரு பிசினஸ் டெவலப்மெண்ட் குழுவின் தரம் தெரிவது எழுத்தில் இல்லை, இந்தக் கூட்டத்தில்தான். ஒரு பெரிய புரோபோசலுக்கு ஐந்தாறு பேரின் ஒரு மாத உழைப்பு போகும். அந்த ஒரு மாதத்துக்கு எந்த நிதியாளரும் பணம் தருவதில்லை. தகுதியில்லாத அழைப்புக்கு ஓடினால் தகுதியான அடுத்த அழைப்புக்குத் தெம்பு இருக்காது.

வழக்கமான கேள்விகள்தான். நிதியாளருக்கு நம்மைத் தெரியுமா? அழைப்பு வருவதற்கு முன்பே இந்த ஊர்களில் நமக்கு வேலை இருந்ததா? இதே மாதிரி வேலையைச் செய்து முடித்ததற்குச் சான்று உண்டா? திட்ட மேலாளராகப் போட நல்ல ஆள் கையில் இருக்கிறாரா? கென்ய அலுவலகத்தை நடத்தும் சகோதரி கடைசியாக ஒன்று கேட்டார். "இதில் நமக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்ன இருக்கிறது?" யாரும் பேசவில்லை. சரி, நாளை மறுநாள் வயலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்தோம்.

மதியம் முழுக்க பட்ஜெட். இங்கே ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓவர்ஹெட் என்ற மறைமுகச் செலவை வெளியே இருப்பவர்கள் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். தணிக்கை, கணக்குப் பிரிவு, பணியாளர் காப்பீடு, அலுவலக வாடகை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக நேரடிச் செலவில் 7 சதவீதம் வரை இதற்குத் தருகிறது. அமெரிக்க அரசு மானியங்களில், தனியாக விகிதம் பேசி முடிக்காத நிறுவனங்களுக்கு 10 சதவீதமாக இருந்ததை 2024 அக்டோபரிலிருந்து 15 ஆக உயர்த்தினார்கள். உண்மைச் செலவு பெரும்பாலும் இவற்றைவிட அதிகம். அந்த இடைவெளியை யாராவது சுமந்தாக வேண்டும்.

நடைமுறையில் அதைச் சுமப்பது உள்ளூர்ப் பங்காளி அமைப்புதான். பெரிய நிறுவனம் தன் விகிதத்தை எடுத்துக்கொண்டு, உள்ளூர் அமைப்புக்குக் களச் செலவை மட்டும் கொடுக்கும். அவர்கள் கணக்கருக்கு யார் சம்பளம் கொடுப்பது? திட்டம் முடிந்ததும் அந்த அமைப்பு வந்த நிலையிலேயே நிற்கும். அப்புறம் இன்னொரு நிறுவனம் வந்து, "இவர்களுக்குத் திறன் போதாது, திறன் வளர்ப்புப் பயிற்சி தருகிறோம்" என்று எழுதும். இது அநியாயம். எங்களுக்கு எந்த விகிதமோ அதே விகிதம் பங்காளிக்கும் என்று தாளில் போட்டேன். மற்ற வரிகளில் கையை வைக்க வேண்டியிருந்தது. வைத்தோம்.

மூன்றாம் நாள், மச்சாகோஸ் வழியாக வோட்டே

மொம்பாசா நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மச்சாகோஸ் பக்கம் திரும்பியதும் மலைச்சரிவுகள். சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஒரு வரப்பைக் காட்டினார். இதற்கு "ஃபான்யா ஜூ" என்று பெயர். சம உயரக் கோட்டில் ஒரு வாய்க்கால் வெட்டி, மண்ணைக் கீழே தள்ளாமல் மேட்டுப் பக்கம் வீச வேண்டும். மழைக்கு மழை மண் அந்த வரப்பில் வந்து தங்கி, சில வருஷங்களில் சரிவு தானே படியாகிவிடும்.

1930-களில் இதே மலைகள் மண் அரித்து மொட்டையாகிக் கிடந்தன. அதற்குப் பிறகு மக்கள்தொகை பல மடங்கு பெருகியது. நிலம் இன்னும் மோசமாகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. ம்வேத்யா என்ற கூட்டு உழைப்புக் குழுக்களாகச் சேர்ந்து, பெரும்பாலும் பெண்கள், மண்வெட்டியால் இந்தப் படிகளை வெட்டினார்கள். நகரத்துக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணமும் சந்தைக்குப் போன விளைச்சலும் அதற்குக் கை கொடுத்தன. எங்கள் வரைவில் "சமூகத்தை அணிதிரட்டுதல்" என்று நான்கு பக்கம் இருக்கிறது. இந்தச் சரிவைப் பார்த்தபின் அந்தப் பக்கங்களை வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. இரவே எடுத்துவிட்டேன்.

நான்காம் நாள், வோட்டேக்கு அப்பால் ஒரு கிராமம்

இந்தப் பகுதியில் அக்டோபர் கடைசியில் தொடங்கும் குறுமழைதான் நம்பிக்கையான மழை. அறுவடை பிப்ரவரியில். நாங்கள் போனபோது முற்றங்களில் தார்ப்பாய் விரித்து மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. இந்த முறை மழை சரியாகப் பெய்யவில்லை என்றார்கள். கதிர்கள் சிறுத்திருந்தன. வறட்சியில் வாடிய பயிரில்தான் அஃப்ளடாக்சின் பயம் அதிகம். அஸ்பெர்கில்லஸ் என்ற மண்ணில் வாழும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாது, ருசியில் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. நாள்பட்டால் ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும். 2004-இல் வோட்டே இருக்கும் இந்த மகுவேனி, பக்கத்துக் கிடுயி உள்ளிட்ட பகுதிகளில் 317 பேருக்கு இந்த நஞ்சு ஏறி 125 பேர் இறந்துபோனார்கள். வீட்டில் ஈரத்தோடு சேமித்த சோளம்தான் காரணம். அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் முற்றத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பெண்கள் குழுவின் தலைவி அறுபதைத் தாண்டியவர். "சோதித்துக் காட்டட்டுமா?" என்று கேட்டு உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்தார். உட்புறம் நன்றாகக் காய்ந்த பாட்டில். மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டார். இரண்டு மூன்று கரண்டி பொடி உப்பு, அதுவும் ஈரமில்லாதது. மூடியைத் திருகி, ஒரு நிமிஷம் குலுக்கினார். பிறகு திண்ணையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிச் சுவரெங்கும் உப்பு மெல்லிய பனிபோல ஒட்டியிருந்தது. ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் எல்லாம் அடியில் விழுந்தால் அதற்குக் கீழே.

"இது பக்கத்து வீட்டுக்காரியுடையது. இன்னும் இரண்டு நாள் காய வேண்டும்" என்றார்.

எங்கள் வரைவில் விவசாயிகளுக்கு "ஈரப்பத விழிப்புணர்வு" தருவதற்கு இரண்டு நாள் பயிற்சி முகாம் இருக்கிறது. அவரிடம் நேராகவே கேட்டேன்: "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே, பிறகு ஏன் நிறையப் பேர் காயாமலே விற்கிறார்கள்?"

மொழிபெயர்த்த இளைஞர் அவர் பதிலைச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். "காய வைத்தால் மூட்டை எடை குறைகிறது. வியாபாரி எடைக்குத்தான் காசு கொடுக்கிறார். ஈரத்தோடு விற்றவளுக்கு அதிகம் கிடைக்கிறது, ஒரு வாரம் வெயிலில் கிளறிக் காய வைத்தவளுக்குக் குறைவு. எங்களுக்கு எதைப் பற்றிப் பயிற்சி தரப் போகிறீர்கள்?"

இங்கே மூட்டைக் கணக்கு 90 கிலோ. 18 சதவீத ஈரத்தில் இருக்கும் 90 கிலோவை, சேமிக்க ஏற்ற 13.5 சதவீதத்துக்குக் காய வைத்தால் 85 கிலோதான் நிற்கும். ஒரு மூட்டைக்கு ஐந்து கிலோ நஷ்டம். நாங்கள் அறியாமை என்று எழுதியிருந்தோம். அவர்கள் போட்டிருந்தது கணக்கு.

பாட்டில் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. அது 15-ஐத்தான் காட்டும். மாவு மில்காரர் கேட்பது 13.5. இடையில் இருக்கும் அந்த ஒன்றரை சதவீதத்தைப் பார்க்க ஈரமானி வேண்டும். அது இப்போது வாங்குகிறவர் கையில் மட்டும் இருக்கிறது.

கிளம்பும்போது அவர் இன்னொன்று கேட்டார். "எத்தனை வருஷம் இருப்பீர்கள்?" மூன்று என்றேன். முன்பு வேறொரு நாட்டில் எங்கள் திட்டம் ஒன்றை நிதியாளர் பாதியில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. கிடங்குக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை போடவில்லை. அந்தக் குழுவினரிடம் போய்ச் சொல்ல வேண்டிய வேலை என்னிடம் வந்தது. விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான் என்பதால் நானே போனேன். அதனால் இன்று, "மூன்று வருஷம் என்று எழுதுவோம், உறுதியாகக் கையில் இருக்கும் பணத்துக்கு மேல் ஆசை காட்ட மாட்டோம்" என்றேன். அவர் தலையசைத்தார்.

ஐந்தாம் நாள், வோட்டே

காலையில் வேளாண் இடுபொருள் விற்பவர் ஒருவரைப் பார்த்தோம். எங்கள் பட்ஜெட்டில் காற்றுப்புகாப் பைகளை இலவசமாகக் கொடுக்க ஒரு பெரிய தொகை இருந்தது. பிக்ஸ் பை என்பார்கள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் உறைகள், வெளியே ஒரு சாக்கு. ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியாக இறுகக் கட்டினால் உள்ளே இருக்கும் பூச்சிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். மருந்தே வேண்டாம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1980-களின் இறுதியில் கேமரூனில் காராமணி விவசாயிகளோடு சேர்ந்து கண்டுபிடித்த முறை. அருமையான பொருள்.

விற்பவர் சொன்னது: முன்பு ஒரு திட்டம் இந்தப் பைகளை இலவசமாகக் கொடுத்தது. அவர் வாங்கி வைத்திருந்தவை இரண்டு பருவம் அசையவில்லை. அப்புறம் வாங்குவதையே விட்டுவிட்டார். திட்டம் முடிந்தது, இலவசப் பையும் நின்றது. கிழிந்த பைக்கு மாற்றுப் பை தேடி வந்தவர்களுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தொகையை அப்படியே நீக்கினேன். அதற்குப் பதில், அவரைப் போன்றவர்கள் சரக்கு வைப்பதற்குக் கடன் உத்தரவாதம்.

பிறகு மில்லுக்குத் தானியம் வாங்கித் தரும் முகவர் ஒருவர். கென்யாவில் மொத்த அஃப்ளடாக்சின் அளவு 10 பி.பி.பி.க்கு, அதாவது நூறு கோடியில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மில்லில் சோதனை தவறினால் லாரி திரும்பி வரும், டீசல் செலவு இவர் தலையில். உலர்ந்த சோளம் மொத்தமாக, நிச்சயமாகக் கிடைத்தால் கூடுதல் விலை தரத் தயார் என்றார். குழுவிடம் ஈரமானி இருந்து, தரம் பார்த்து மூட்டை கட்டினால் அந்த ஐந்து கிலோ நஷ்டம் விலையில் ஈடாகிவிடும். நமக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்ன என்று சகோதரி கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். உடனே அவருக்கு போன் செய்தேன். அரை நிமிஷம் கேட்டுவிட்டு "கோ" என்றார்.

மாலையில் பங்காளி அமைப்பின் இயக்குநரோடு நீண்ட பேச்சு. எட்டு வருஷத் தணிக்கை அறிக்கைகளை ஒரு கோப்பில் கட்டி வைத்திருந்தார். "விண்ணப்பத்தில் எங்கள் பெயர் முதலில் வரட்டும். நீங்கள் துணையாக இருங்கள்" என்றார். அப்படிச் செய்தால் பெரும்பகுதிப் பணம் அவர்கள் கணக்கில் வரும். என் பிரிவின் வருஷ இலக்கில் ஒரு சின்னப் பங்குதான் சேரும். நிதியாளர் கேட்கும் தகுதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். பதிவு, தணிக்கை, கொள்முதல் விதிகள், குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை. ஒன்று மட்டும் இடித்தது. கடந்த மூன்று வருஷ வரவு, கேட்கும் தொகைக்குப் போதுமான அளவில் இல்லை. தொகையைக் குறைத்தால் பொருந்தும். குறைக்கலாம் என்று முடிவு செய்தபோது மணி பத்தரை. கைகொடுத்துக்கொண்டோம்.

ஆறாம் நாள், விமானத்தில்

முப்பத்திரண்டு பக்கம் பத்தொன்பது ஆகிவிட்டது. பதினைந்தாயிரம் என்ற எண் நான்காயிரம் ஆகியிருக்கிறது. இந்த முறை எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும். எத்தனை குழுக்கள், குழுவுக்கு எத்தனை பேர், முகவர் எத்தனை லாரி எடுப்பார் என்று பெருக்கி வந்தது.

ஏழாம் நாள், ரோம்

வேளாண்மைக்கான ஐ.நா. அமைப்புகள் மூன்றும் இந்த ஊரில்தான். எஃப்.ஏ.ஓ. என்ற உணவு வேளாண்மை அமைப்பு, உலக உணவுத் திட்டம், ஐஃபாட் என்ற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம். சிர்கோ மாஸ்ஸிமோ மெட்ரோவிலிருந்து மேலே ஏறினால் எதிரே எஃப்.ஏ.ஓ. கட்டடம். இத்தாலி தன் ஆப்பிரிக்கக் காலனிகளை ஆளும் அமைச்சகத்துக்கென்று கட்டத் தொடங்கியது. 1951-இல் எஃப்.ஏ.ஓ. ரோமுக்கு வந்தபோது இது அதன் வீடானது. எத்தியோப்பியாவிலிருந்து 1937-இல் இத்தாலி எடுத்துவந்த பழங்காலக் கல்தூணான அக்சும் தூண் பல பத்தாண்டுகள் வாசலிலேயே நின்றது. 2005-இல்தான் திரும்பப் போனது, 2008-இல் அதன் சொந்த மண்ணில் நிமிர்ந்தது. தூண் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நிதி கொடுக்கும் நாடுகள், வாங்கும் நாடுகள் என்ற பேச்சில் இந்தக் கணக்கு வருவதே இல்லை.

ஐஃபாடில் பழைய தோழி ஒருவரைப் பார்த்தேன். 1974 உலக உணவு மாநாட்டின் விளைவாக 1977-இல் பிறந்த அமைப்பு அது. ஐ.நா. அமைப்பும் அதுதான், நிதி நிறுவனமும் அதுதான். பணம் பெரும்பாலும் அரசுகளுக்குக் கடனாகப் போகும். எங்களைப் போன்றவர்கள் அந்த அரசுத் திட்டங்களுக்குள்தான் இடம் தேட வேண்டும். "மூன்று வருஷம் போதாது. உங்கள் ஈரமானி வேலை ஓடினால், நான்காவது வருஷத்துக்கு அரசுத் திட்டத்தில் கோக்கும் வழியை இப்போதே யோசி" என்றாள். மாவட்ட வேளாண் அதிகாரியை முதல் நாளிலிருந்தே உள்ளே சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மதியம் நிதியாளரின் விளக்கக் கூட்டம். அழைப்பு திறந்திருக்கும்போது அவர்கள் யாரோடும் தனியாகப் பேச மாட்டார்கள். எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும், பதில் எல்லோருக்கும் எழுத்தில் வரும். அதனால் கேட்கும் கேள்வியிலேயே நம் யோசனை போட்டியாளருக்குப் போய்விடும் என்று பலர் வாயைத் திறப்பதில்லை. நான் கேட்டேன். "பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், குழுக்கள் விற்ற தானியத்தின் ஈர அளவையும் அதற்குக் கிடைத்த விலையையும் வெற்றியை அளக்கும் முக்கியக் குறியீடாக வைக்கலாமா?" இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவர் உடனே எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்ளட்டும். வேறு யாருக்குக் கிடைத்தாலும் அந்த அம்மா சொன்னது திட்டத்துக்குள் போனால் நல்லதுதான்.

எட்டாம் நாள், ரோம்

காலையிலேயே எழுத்தில் பதில் வந்துவிட்டது. எண்ணிக்கையும் கட்டாயம், கூடுதல் குறியீடு விண்ணப்பதாரர் விருப்பம். நான்காயிரம் என்றே போடப் போகிறோம். தலைமை அலுவலகத்தில் ஒருவர் இதைப் பத்தாயிரமாவது ஆக்கச் சொன்னார். அரை மணி நேரம் பேசினேன். ரெட் டீம் பார்க்கும்வரை இந்த எண்ணைத் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார். எழுதாதவர்கள் நிதியாளர் கண்ணோடு படித்து மதிப்பெண் போடும் கட்டம் அது. வியாழக்கிழமை நடக்கிறது.

மதியம் வோட்டேயிலிருந்து இயக்குநர் அழைத்தார். விண்ணப்பத்துக்கு வேண்டிய வங்கிக் கடிதம் வந்துவிட்டதாம், எங்கள் இரு அமைப்புகளின் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பெண்கள் குழுவிடம் வரைவை அந்தப் பகுதியின் கம்பா மொழியில் சொல்லிக் காட்டியிருக்கிறார். அவர்கள் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்களாம். ஈரமானியும் தராசும் இடுபொருள் விற்பவர் இடத்தில் இருக்கும் என்று நாங்கள் எழுதியிருந்தோம். அது வேண்டாம், எங்கள் கிடங்கில் எங்கள் பூட்டுக்குள் இருக்கட்டும் என்கிறார்கள்.

பட்ஜெட் தாளைத் திறந்து, அந்த வரியில் இடத்தை மாற்றினேன். பூட்டுக்கும் ஒரு வரி சேர்த்தேன். விமானம் இரவு ஒன்பதரைக்கு.